பாலீன் வீட்டு மாடியறை

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

நானும் பாலீனும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவில் ஆறிப்போன தேநீர், நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு, அப்புறம் நீளமான ஒரு இரும்புச் சாவி. அந்தச் சாவியை வைத்துத்தான் காலையிலிருந்து எங்களுக்குள் சண்டை. இருமல் கேட்டதும் பாலீனின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"லும்லி வந்துட்டாரா? மூணு மணிக்குத்தானே வர்றேன்னாரு!"

"அவரு தட்டாம உள்ள வர்ற ஆளா? தட்டிட்டு, நாம வாங்கன்னு சொன்ன பிறகும் இன்னொரு தடவை தட்டுவாரு."

மறுபடியும் இருமல். கூடவே மரத்தரை முனகியது. ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

வாசல் கதவைத் திறந்து வைத்தது நான்தான். குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்த வீடு, மே மாத வெயில் கொஞ்சம் உள்ளே வரட்டும், ஈர வாடை போகட்டும் என்று நினைத்தேன். இப்போது இருவரும் பூனை மாதிரி நடந்துபோய் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தோம்.

உயரமான ஒரு கிழவர், வெள்ளைத் தாடி, மழைக்கோட்டு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஸ்டானின் சாய்வு நாற்காலியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் கேமரா தொங்க ஒரு பெண், கையில் ஊர் வரைபடம்.

பாலீன் என் முழங்கையைக் கிள்ளினாள். "ரூத், இதை மியூசியம்னு நெனச்சுட்டாங்க!"

"சரி, போய் வீடுன்னு சொல்லு."

"எப்படிடீ சொல்றது? பாவம், எவ்வளவு வெட்கப்படுவாங்க!"

பாலீன் ஆட்ஸ்லி அப்படிப்பட்டவள். நடைபாதையில் யாராவது அவள் காலை மிதித்தால், "மன்னிச்சுக்குங்க" என்று அவள் சொல்வாள். யார்க் நகரத்துக் கோட்டை மதிலுக்குக் கீழே எங்கள் சந்து. வீடுகள் எல்லாம் குடித்தவர்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மாடி ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எதிர்வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கொடுக்கலாம். வீடு கட்டிய வருஷத்தைச் சுவரில் பலகையடித்து மாட்டியிருக்கிறார்கள். அதைப் படம் எடுக்க உலகமே வருகிறது. வந்தவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். கதவில் தபால் போடுகிற துவாரத்தின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை என் வீட்டில் அப்படி எட்டிப் பார்த்த கண்ணுக்கு நேராக நான் விளக்குமாற்றை நீட்டினேன். பாலீன் வீட்டிலோ, படியில் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர்களை எழுப்பக்கூடாது என்று அவள் கொல்லைப்புற வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவாள்.

நாங்கள் இருவரும் சின்ன வயதிலேயே ஒரே தேநீர்க் கடையில் பரிமாற வந்தவர்கள். பெரிய தேவாலயத்தின் நிழல் விழுகிற தெருவில் கடை. பாலீன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் அம்மா சாக்லேட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள், அந்த வீட்டுத் துணிமணியில் எல்லாம் இனிப்பு வாசனை அடிக்கும். ஸ்டான் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றும் கூரையில்லாத பேருந்தின் ஓட்டுநர். ஓட்டிக்கொண்டே ஊர்க்கதையும் சொல்லுவார். மத்தியானம் எங்கள் கடைக்கு வந்து, பன் வாங்கித் தின்றபடி உரக்கச் சொல்வார்:

"உங்கள் இடதுபுறம் பாருங்கள். நகரத்தின் மிக அழகான காட்சி. பழமையானது இல்லை. ஆனால் பாதுகாக்கப்பட வேண்டியது."

கடையே திரும்பிப் பார்க்கும். பாலீன் வெட்கத்தில் தட்டைக் கீழே போடுவாள். உடைந்த தட்டு எல்லாம் அவள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. "கல்யாணம் பண்ணிக்கிட்டா இந்த நஷ்டம் நின்னுடும்ல" என்று ஸ்டான் கேட்டார். அப்படித்தான் அவர்கள் கல்யாணம் ஆயிற்று.

பழைய வீடுகளைக் காப்பாற்றும் ஒரு அறக்கட்டளை, குறைந்த வாடகைக்கு இந்த வீட்டை அவர்களுக்குக் கொடுத்தது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. காலமெல்லாம் அந்நிய ஊர்க்காரர்களுக்கு அவர் வழி காட்டினார், அவள் தேநீர் ஊற்றினாள். சாயங்காலம் இருவரும் மாடியறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே நடந்து போகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பந்தயம் கட்டிச் சிரிப்பார்கள். என் வீட்டுச் சுவர் வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

போன நவம்பரில் ஸ்டானுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து தேறிவிட்டார். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும், குழந்தை மாதிரி தன் பையைத் தானே அடுக்கி, மூடி, கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாராம். காலையில் பாலீன் அழைத்துவரப் போனாள். பை தயாராக இருந்தது. அவர் இல்லை.

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பேருந்தில் வந்ததை நான் பார்த்தேன். மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். நேராக மாடிக்குப் போய், அவர் படுக்கும் பக்கத்தில் அதை வைத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். அன்றிலிருந்து முன்னறை சோபாதான் அவள் படுக்கை. மாடிப்படியில் அவள் காலே வைக்கவில்லை. அழவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பூட்டிய அறை சும்மா இருக்குமா? குளிர்காலத்தில் வெளிச்சுவர் உப்பிக்கொண்டு வந்தது. அறக்கட்டளையின் மிஸ்டர் லும்லி வந்தார், அறையைத் திறந்து உத்திரத்தைப் பார்க்கவேண்டும் என்றார். "இன்னிக்கு வேண்டாமே, மன்னிச்சுக்குங்க" என்றாள் பாலீன். மறுபடி வந்தார். மறுபடி அதே. கடைசியாகப் போன வாரம், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "மிஸஸ் ஆட்ஸ்லி, அடுத்த தடவை அறையைத் திறக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும். ரயிலடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட் இருக்கு. எனக்கு வேற வழி இல்லைங்க."

அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு. காலையிலிருந்து சாவியை அவள் பக்கம் நான் தள்ளுவதும், என் பக்கம் அவள் தள்ளுவதுமாக இருந்தோம். "நான் போய்த் திறக்கறேன்டீ" என்று கெஞ்சினேன். "தொட்டே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள். "ஃப்ளாட்டுக்கே போயிடறேன். அவர் வெச்ச மாதிரியே பை இருக்கட்டும்." வீட்டைக் காலி செய்தால் அந்தப் பையையும் தூக்கித்தானே ஆகவேண்டும் என்று கேட்டேன்.  அப்போதுதான் அந்த இருமல்.

பாலீன் ஏப்ரனை இழுத்து விட்டுக்கொண்டாள். நாற்பது வருஷம் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு தானாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. முன்னறைக்குள் போனாள்.

"வாங்க கண்ணு. வாங்கய்யா. எங்கிருந்து வர்றீங்க?"

"நார்வே" என்றாள் அந்தப் பெண். "நான் சிக்ரிட். இவர் என் அப்பா, தோர்ஸ்டைன். டிக்கெட் எங்கே வாங்கணும்?"

"டிக்கெட்டெல்லாம் கிடையாது கண்ணு. சும்மா பாருங்க."

"அப்பா, இலவசம்!" என்றாள் சிக்ரிட்.

"நார்வேயா?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "போன தடவை, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, உங்க ஆளுங்க கப்பல்ல வந்தப்போ இவ்வளவு மரியாதையா வரலையே. கோடாலியோட வந்தாங்கன்னு கேள்வி."

கிழவர் முகம் மாறாமல் என்னைப் பார்த்தார். "கோடாலி ஓட்டல்ல இருக்கு" என்றார்.

பாலீன் சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

சிக்ரிட் சமையலறையை எட்டிப் பார்த்தாள். உருளைக்கிழங்குத் தோல், கெட்டில், என் ஏப்ரன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் கிசுகிசுத்தாள்: "அந்தக் காலத்து ஆளுங்க மாதிரியே எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க பாருங்க!" கேமராவை என் பக்கம் திருப்பி, "நீங்க உருளைக்கிழங்கு உரிக்கிற மாதிரி காட்டுங்களேன்" என்றாள்.

"காட்டறதா? எழுந்ததுலேர்ந்து இதைத்தான் பண்றேன்" என்றேன். பாலீன் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கண்ணால் கெஞ்சினாள். வேறு என்ன செய்ய? உரித்தேன். படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு பாலீன் முன்னறையைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். ஸ்டான் பேருந்தில் பேசிய அதே ராகம் அவள் குரலில் வந்தது.

"இது வீட்டுக்காரரோட நாற்காலி. வேலை விட்டு வந்ததும் இதுலதான் உட்காருவாரு. கைப்பிடி தேஞ்சிருக்குல்ல? அது அவர் விரல் தட்டித் தட்டித் தேஞ்சது. ஒரு இடத்துல சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு."

"எப்படிப்பட்டவர்?" என்று தோர்ஸ்டைன் கேட்டார். மியூசியத்தில் யாரும் கேட்காத கேள்வி.

பாலீன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். "வாயாடிங்க. நல்ல மனுஷன். எல்லார்கிட்டயும் பேசுவாரு. பொண்டாட்டிக்கு எங்கயும் பேச வராது, அதனால அவளுக்கும் சேர்த்து அவரே பேசிடுவாரு."

"இந்தப் போர்வை, தலையணை?" என்று சிக்ரிட் சோபாவைக் காட்டினாள். "இங்கே யார் தூங்குவாங்க?"

"வீட்டம்மா."

"மேலே அறை இருக்கும்போது ஏன் இங்கே?"

 பாலீன் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "மாடி... கொஞ்சம் குளிருங்க" என்றாள்.

"மாடியைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள் சிக்ரிட்.

சின்னக் கேள்விதான். அந்தப் பெண் படிக்கட்டின் அடியில் நின்று, முகம் முழுக்க ஆசையோடு மேலே பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? இத்தனை மாதம் நான் அழுது பார்த்தேன், லும்லி சொல்லிப் பார்த்தார், பாதிரியார்கூட வந்து பேசிப் பார்த்தார். பாலீன் அசையவில்லை. நான் முன்னால் வந்து, "மாடி மூடியிருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

பாலீன் கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

அவள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நண்பர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்தவள் அவள், எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வீடு தேடி வந்த அந்நியருக்குச் சொல்ல மட்டும் அவளுக்குத் தெரியாது. மேசைக்குப் போனாள். சாவியை எடுத்தாள். 

"பார்க்கலாம் கண்ணு. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்துட்டு, மாடியைப் பார்க்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

முதலில் அவள், அவள் பின்னால் சிக்ரிட், அப்புறம் கிழவர், கடைசியில் நான். ஒவ்வொரு படியிலும் பாலீன் நின்று நின்று ஏறினாள். வயதான வழிகாட்டி மூச்சு வாங்குகிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பூட்டில் சாவி திரும்பியது. கதவு மட்டும் ஈரத்தில் ஊறிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாலீன் தள்ளினாள், முடியவில்லை. "அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டு, தோர்ஸ்டைன் தோளைக் கொடுத்து மெதுவாக அழுத்தினார். கதவு விட்டுக்கொடுத்தது.

பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. மூடிய ஜன்னலின் சிறிய கண்ணாடிகள் வழியாக மங்கிய வெளிச்சம். மூலை உத்திரத்தில் கறுப்புக் கறை வழிந்திருந்தது. பெரிய கட்டில், நீலப் போர்வை, அதன்மேல் வலது பக்கத்தில் அந்தப் பை.

பாலீன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சிக்ரிட் கேமராவை எடுத்தாள். அவள் அப்பா மட்டும் அறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். கட்டிலின் இடதுபுறத் தலையணையில் ஒரு நீண்ட நரைமுடி. சுவரில் கம்பளிக் கோட்டு. மேசையில் பாதி தீர்ந்த இருமல் மருந்து. அவர் நெற்றி சுருங்கியது.

"இந்தப் பை யாருடையது?"

"வீட்டுக்காரரோடது."

"அவர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார்?"

 வழிகாட்டியின் ராகம் பாலீனின் குரலிலிருந்து கழன்று விழுந்தது.

"போன நவம்பர் வரைக்கும்."

 தேவாலயத்து மணி ஒன்று எங்கோ அடித்துவிட்டு ஓய்ந்தது. சிக்ரிட் கேமராவை இறக்கினாள். அவள் கழுத்திலிருந்து காது வரை சிவந்துகொண்டே போனது.

"இது... இது வீடா?"

"ஆமா கண்ணு. என் வீடுதான்." பாலீன் இரண்டு கையையும் ஏப்ரனில் சுருட்டிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. முதல்லயே சொல்லியிருக்கணும். உங்க பயணத்தைக் கெடுத்துட்டேன்."

"நீங்க மன்னிப்புக் கேட்கறீங்களா?" சிக்ரிட் அழுதேவிட்டாள். "நாங்க உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு... உங்க கட்டிலை... அப்பா, வாங்க போகலாம், அப்பா!"

தோர்ஸ்டைன் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் மனைவியின் செருப்பு வாசலில் இருக்கிறது" என்றார் மெதுவாக, சொல் சொல்லாக. "மூன்று வருஷம். எடுத்து வையுங்கள் என்று இவள் சொல்வாள். நான் தினமும் தாண்டி நடக்கிறேன். ஒரு தடவை தடுக்கி விழுந்தேன். இவளிடம் பனி வழுக்கியது என்று சொன்னேன்."

"அப்பா! அது ஜூன் மாசம்" என்றாள் சிக்ரிட் கண்ணீரோடு.

"ஆமாம். நீ நம்பினாய்."

பாலீனுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பொங்கி வந்தது சிரிப்பா விம்மலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். கட்டிலின் ஓரத்தில், தான் படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அவரே அடுக்கினது. அவர் கை கடைசியா செஞ்ச வேலை. இதைத் திறந்தா அது கலைஞ்சு போயிடும்ல?"

கிழவர் யோசித்தார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "கலையும்" என்றார்.

நல்லவேளை, அவர் பொய் சொல்லவில்லை. நான் இத்தனை மாதமாகச் சொன்னதெல்லாம் "ஒண்ணும் ஆகாதுடீ" என்ற பொய்தான். பாலீன் தலையை ஆட்டினாள். பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள்.

மேலாகச் சவரக் கத்தி, மூக்குக் கண்ணாடி, பாதி தின்ற புதினா மிட்டாய். அதற்குக் கீழே பைஜாமா. மடித்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, சட்டையின் கை கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பந்தாக உருட்டித் திணித்திருந்தார். பாலீன் அதை வெளியே எடுத்து, கண்ணெதிரே தூக்கிப் பிடித்தாள்.

"ஸ்டான்! இதாய்யா மடிக்கற லட்சணம்?"

அவ்வளவுதான். உடைந்துபோனாள். பைஜாமாவை முகத்தில் அழுத்திக்கொண்டு, அந்த வீடே அதிரும்படி அழுதாள். "நான்தான் வந்து அடுக்கித் தர்றேன்னு சொன்னேனே, சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கல்யாணத்தன்றுகூட நாங்கள் கட்டிக்கொண்டதில்லை, எங்கள் ஊர் வழக்கம் அப்படி. சிக்ரிட் திரும்பி, ஜன்னல் கொண்டியோடு போராடினாள். அவளுக்குக் காற்று வேண்டியிருந்தது போலும். கொண்டி சட்டென்று விட்டது. ஜன்னல் திறந்து, வெயிலும் சந்தின் இரைச்சலும் உள்ளே விழுந்தன.

வெகுநேரம் கழித்து பாலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பைஜாமாவை மடியில் விரித்து, சுருக்கம் நீக்கி, நான்காக மடிக்கத் தொடங்கினாள்.

"கீழே நிறையப் பேர் நிக்கறாங்க" என்றாள் சிக்ரிட்.

எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து சந்தின் வளைவு வரைக்கும் ஒருவர் பின் ஒருவராக, அமைதியாக, அழகாக ஒரு வரிசை! திறந்த கதவுக்குள் இரண்டு பேர் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதும். எதற்கு என்று கேட்காமலே பின்னால் நின்றுவிடுவார்கள்.

கீழே ஓடினேன். முதலில் நின்ற அம்மாள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "எவ்வளவு நேரம் நிக்கறது? லீட்ஸ்லேர்ந்து வர்றோம்."

"இது வீடும்மா! மியூசியம் இல்லை!"

"அப்போ அவங்களை மட்டும் விட்டீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள், வரிசையின் நடுவில் ஒரு பழுப்புக் கோட்டைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கையில் டார்ச் விளக்கோடு, பொறுமையே உருவாக, மிஸ்டர் லும்லி.

"நீங்க என்ன இங்க நிக்கறீங்க?"

"வரிசை இருந்துதே" என்றார் லும்லி. "குறுக்கே புகுந்தா நல்லா இருக்காதுன்னு..."

"உங்க வீடுய்யா இது! உள்ள வாங்க!"

"பார்த்தியா, ஆள் தெரிஞ்சா உள்ள விடறாங்க" என்று லீட்ஸ் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். லும்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வாசற்படி ஏறினார்.

படிக்கட்டின் அடியில் அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அறை..."

"போய்ப் பாருங்க" என்றேன்.

மேலே திறந்திருந்த கதவைப் பார்த்ததும் அவர் வழக்கம்போல அதைத் தட்டினார். பாலீன் "வாங்க" என்றாள். இன்னொரு தடவை தட்டினார்.

உத்திரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பாலீன் கட்டிலில் உட்கார்ந்து, அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த துணி அவள் மடியில் இருந்தது. ரயிலடிக்கு அந்தப் பக்கத்து ஃப்ளாட்டா, இந்த ஜன்னலா, எல்லாம் அந்த மனிதரின் வாயில் இருந்தது. 

லும்லி திரும்பினார். "உத்திரத்தோட முனை மட்டும் இத்துப்போயிருக்கு. மாத்திடலாம். இன்னொரு குளிர்காலம் பூட்டியிருந்தா இந்தச் சுவர் தெருவுல கிடந்திருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா மிஸஸ் ஆட்ஸ்லி, உள்ளதைச் சொல்லணும். இந்த வீடுங்க மனுஷன் மூச்சுலதான் நிக்குது. மறுபடி பூட்டறதா இருந்தா, என்னால உங்களுக்காகப் பேச முடியாது. இன்னிக்கு நீங்க எங்க படுப்பீங்க?"

 பாலீன் கட்டிலின் வலது பக்கத்தைப் பார்த்தாள். பையின் கனத்தில் போர்வை குழிந்திருந்தது.

"பயமா இருக்குங்க" என்றாள். "பொய் சொல்ல விரும்பலை. கீழ சோபாவுல கால் நீட்ட முடியாது, அதனால அவர் இல்லாதது தெரியலை. இங்க தெரியும்."

 அவள் எழுந்தாள். பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். போர்வையை இழுத்து அந்தக் குழியை உள்ளங்கையால் நீவிச் சமமாக்கினாள்.

"இங்கதான் படுப்பேன். ஜன்னலைத் திறந்து வெச்சு."

லும்லி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார், மறுபடி கழற்றினார். அந்த மனிதரின் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. "திங்கட்கிழமை தச்சர் வருவார். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தணும். ஃப்ளாட்டை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்றேன்" என்றார். வெளியே போகும்போது வரிசையில் மிச்சமிருந்தவர்களிடம் நின்று, இது குடியிருக்கும் வீடு என்று அவரே விளக்கிச் சொன்னார். வரிசை, யாரையும் நொந்துகொள்ளாமல், வந்த வழியே கலைந்தது.

நார்வேக்காரர்களைப் பாலீன் தேநீர் குடிக்காமல் விடவில்லை. சமையலறை மேசையில் நால்வரும் உட்கார்ந்தோம். பன்னைச் சூடாக்கி வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். தோர்ஸ்டைன் மூன்று தின்றார். அவர் மனைவி பெயர் இங்ரிட், நன்றாகப் பாடுவாள், மீன் வறுத்தால் தீய்த்துவிடுவாள் என்றெல்லாம் சொன்னார். அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை என்று சிக்ரிட் என்னிடம் மெல்லச் சொன்னாள். எடுத்த படங்களை எல்லாம் அழித்துவிடுகிறேன் என்றாள். "என் உருளைக்கிழங்கு படத்தை மட்டும் அழிக்காதே, அதுல நான் ஒல்லியா தெரிஞ்சேன்" என்றேன்.

அவர்கள் கிளம்பும்போது வெயில் சாய்ந்து, எதிர்வீட்டுக் கூரையின் நிழல் எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. கிழவர் பாலீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை.

"இன்று படுக்கக் கஷ்டமாக இருக்கும்" என்றார்.

"ஆமாங்க."

"நாளைக்கும்."

"தெரியும்யா" என்றாள் பாலீன். "போயிட்டு வாங்க. கல் தரை, பார்த்து நடங்க."

அவர் தலை குனிந்து வாசலைத் தாண்டினார். மகள் அவர் கையோடு கை கோத்துக்கொண்டாள். சந்தின் வளைவில் இருவரும் மறையும் வரை பாலீன் படியிலேயே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.